படகுவீட்டுக்கு அடியில் ஒரு சுருதி

இன்றைக்கு ராத்திரி தெரு அடங்கிய பிறகு, வாசலில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். பக்கத்தில் எங்காவது மின்சார டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அதிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் ஓசை விடாமல் வந்துகொண்டிருக்கும். கிட்டே போக வேண்டாம். எட்ட நின்றாலே கேட்கும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகள் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கிற இரும்புத் தகடுகள் இரண்டு முறை மிக நுட்பமாக நீண்டு சுருங்குகின்றன. அதனால் வினாடிக்கு 100 அதிர்வு. 100 ஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள்.

அந்த ஓசையை நன்றாக மனதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே சுருதியில் பாடுகிற ஒரு மீனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் சாசலிட்டோ என்று ஒரு சிற்றூர். அதன் கரையோரம் கடல் உள்ளே வளைந்து ஆழமில்லாத விரிகுடாவாகக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் நூற்றுக்கணக்கான படகுவீடுகள் கட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன. சுற்றுலாவுக்கு வந்தவர்கள் இரண்டு நாள் தங்கிப் போகிற படகுகள் இல்லை இவை. சமையலறை, புத்தக அலமாரி, பூந்தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பங்கள் ஆண்டு முழுக்க வாழ்கிற வீடுகள்.

1980களில், கோடை ராத்திரிகளில், அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. இருட்டியதும் தரைக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஓசை கிளம்பும். மணிக்கணக்கில் போகும். சட்டென்று நிற்கும். பிறகு வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். விடிந்தால் சத்தமே இருக்காது. கழிவுநீர் இறைக்கும் மோட்டார்தான் காரணம் என்றார்கள் சிலர். கடற்படை ரகசியமாக நீர்மூழ்கிக் கப்பல் எதையோ ஓட்டிப் பார்க்கிறது என்றார்கள் வேறு சிலர். வேற்றுக்கிரகவாசிகள் வரைக்கும் பேச்சு போயிற்று!

சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டைன்ஹார்ட் என்ற மீன் காட்சியகம் இருக்கிறது. அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் ஜான் மெக்காஸ்கர், மீன்களைப் பற்றி நிறையப் படித்தவர். அது மோட்டாரும் இல்லை, கப்பலும் இல்லை, மீன் என்று அவர் சொன்னார். ஊர்க்காரர்கள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த மீனுக்கு ஒரு திருவிழாவே எடுத்தார்கள். மீன் வேடம் போட்டுக்கொண்டு, ஊதினால் ரீங்காரம் செய்கிற சின்னக் குழல்களை வாயில் வைத்து ‘ம்ம்ம்’ என்று ஊதிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தூக்கத்தைக் கெடுத்தவனுக்கே விழா எடுத்த அந்த ஊர்க்காரர்களை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மீன் பாடும் என்று கேட்டால் நம்மில் பலருக்கு மட்டக்களப்பு நினைவு வரும். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அந்த ஊரை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்றே சொல்வார்கள். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், நிலவுள்ள ராத்திரிகளில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதோடு வைத்துக் கேட்பது அங்கே பழைய வழக்கம். பாடுவது மீன் என்பார்கள் பலர், ஊரி என்ற நத்தை வகை என்பார்கள் சிலர். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே தோணியில் போய்க் கேட்டுவிட்டு எழுதி வைத்திருக்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பல மடங்கு பெரிதாகக் கேட்டது என்பது அவர் குறிப்பு.

துடுப்பும் தோணிப் பலகையும் எதற்கு? கிணற்றிலோ குளத்திலோ நீந்தத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். முங்கிக்கொண்டே இரண்டு கூழாங்கற்களைத் தட்டினால் ‘டக் டக்’ என்று மண்டைக்குள்ளேயே அடிப்பதுபோல் கேட்கும். கரையில் நிற்கிறவருக்கு ஒன்றும் கேட்காது. தண்ணீருக்குள் பிறந்த ஓசை தண்ணீரில் ஜோராக ஓடும். ஆனால் மேற்பரப்புக்கு வந்ததும் கண்ணாடியில் பட்ட வெளிச்சம்போல உள்ளேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் காற்றுக்குத் தப்பி வரும். நடுவில் ஒரு மரத்துண்டோ படகின் அடிப்பகுதியோ இருந்தால் அது ஓசையை வாங்கி அதிரும், பிறகு வீட்டுக்குள் இருக்கிற காற்றையும் அதிர வைக்கும். சாசலிட்டோவின் படகுவீடுகள் இப்படித்தான் ஒவ்வொன்றும் ஒரு பெரிய கடம்போல ஆகிவிட்டன. உள்ளே படுத்திருந்தவர்கள் கடத்துக்குள் படுத்திருந்தார்கள்.

சரி, பாடகரைப் பார்ப்போமா?

இந்த மீனுக்கு ‘மிட்ஷிப்மேன்’ என்று பெயர். கடற்படையில் பயிற்சி பெறும் இளம் அதிகாரியை அப்படிச் சொல்வார்கள். அவர்கள் சட்டையில் பளபளவென்று வரிசையாகப் பித்தான்கள் இருக்கும். இந்த மீனின் வயிற்றிலும் தலைக்கு அடியிலும் அதே மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. அதனால் வந்த பெயர். மற்றபடி அழகு என்று சொல்ல முடியாது. பெரிய தட்டைத் தலை, அகன்ற வாய், மேலே முழித்துப் பார்க்கும் கண், பழுப்பு நிறம், செதில் இல்லாத வழவழப்பான தோல். பெரிய ஆண்மீன் உங்கள் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம் இருக்கலாம், பெரும்பாலும் அதைவிடச் சின்னதுதான். அலாஸ்காவின் தென்கிழக்கிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை, கடும் குளிரும் இல்லாமல் நம் கடல்போல வெதுவெதுப்பும் இல்லாமல் இருக்கிற அந்த நீண்ட கரைதான் அதன் நாடு. குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய்விடும். பகலில் மணலுக்குள் கண்ணும் வாயும் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். இருட்டியதும் எழுந்து வந்து இறால் மாதிரியான சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்னும்.

அந்தப் பித்தான்கள் வெறும் அலங்காரம் இல்லை, ஒளிவிடும் உறுப்புகள். மேலிருந்து நிலவொளி வரும்போது, கீழிருந்து பார்க்கிற எதிரிக்கு நீந்துகிற மீன் ஒரு கறுப்பு நிழலாகத் தெரியும். வயிறும் மங்கலாக ஒளிர்ந்தால் நிழல் வெளிச்சத்தோடு கலந்து மறைந்துவிடும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கலிபோர்னியாவில் வாழும் மிட்ஷிப்மேன் ஒளிரும். வடக்கே, சியாட்டில் நகரத்தை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடல்பகுதியில் வாழும் மிட்ஷிப்மேனுக்கு அதே பித்தான்கள் இருக்கின்றன, ஆனால் ஒளிராது. விளக்கு இருக்கிறது, எண்ணெய் இல்லை!

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்து. கலிபோர்னியாக் கடலில் வார்குலா என்ற கடுகு மாதிரியான ஓட்டு உயிர் இருக்கிறது. அதன் உடம்பில் ஒளி தரும் ஒரு வேதிப்பொருள் உண்டு. அதைத் தின்கிற மீன் அந்தப் பொருளை வாங்கித் தன் பித்தான்களுக்கு அனுப்பிக்கொள்கிறது. பியூஜெட் சவுண்டில் வார்குலா கிடையாது. ஆய்வுக்கூடத்தில் அந்த வடக்கத்தி மீன்களுக்கு வார்குலாவைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். இருட்டு மீன்கள் ஒளிர ஆரம்பித்தன.

இனி பாட்டுக்கு வருவோம். மீனுக்குத் தொண்டையில் குரல் நாண் கிடையாது. பிறகு எதை வைத்துப் பாடுகிறது? வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. நம் கரையோரத்தில் அதை ‘நெட்டி’ என்பார்கள். கூறல் மீனின் நெட்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் மேலே கீழே போகாமல் ஓரிடத்தில் நிற்க மீன்களுக்கு இந்தப் பை உதவும். ஆண் மிட்ஷிப்மேனுக்கோ இதுவே வாத்தியம். பையின் இரண்டு பக்கச் சுவரிலும் தடித்த தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தசைகளும் ஒன்றாகச் சுருங்கினால் பை ஒரு தடவை அதிரும். அது ஒரு தட்டு. வினாடிக்கு 100 தட்டு தட்டினால் நம் காதுக்குத் தனித்தனியாகத் தெரியாது. ‘ம்ம்ம்ம்’ என்ற ஒரே ஓசையாகத்தான் கேட்கும்.

நீங்கள் ஒரு பலூனை ஊதி, கையில் இலேசாகப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் உதட்டை வைத்து ‘ம்ம்ம்’ என்று சொல்லிப் பாருங்கள். பலூன் முழுக்க அதிர்வது கையில் தெரியும். உங்கள் குரல் மீனின் சுருதிக்கு வராது, உயரமாக இருக்கும். அப்பாவையோ தாத்தாவையோ அடிக்குரலில் சொல்லச் சொல்லுங்கள், ஏறக்குறைய சரியாக வரும்.

அடுத்து, மேசையில் ஒரு விரலால் உங்களால் முடிந்த வேகத்தில் தட்டுங்கள். யாராவது எண்ணட்டும். வினாடிக்குப் பத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒரு நிமிடத்தில் கை வலித்துவிடும். இந்த மீனின் தசை வினாடிக்கு 100 முறை, நிற்காமல் ஒரு மணி நேரம் சுருங்கி விரிகிறது. கணக்குப் போடுங்கள்: 3 லட்சத்து 60 ஆயிரம் முறை! முதுகெலும்புள்ள விலங்குகளின் தசைகளில் இவ்வளவு வேகமும் இவ்வளவு தாக்குப்பிடிப்பும் சேர்ந்தவை மிகவும் குறைவு.

எதற்காக இத்தனை பாடு? கோடை தொடங்கும்போது ஆண்மீன்கள் ஆழத்திலிருந்து கரைக்கு வருகின்றன. ஓரத்துப் பாறைகளுக்கு அடியில் மணலைத் தோண்டி ஆளுக்கு ஒரு குகை செய்துகொள்கின்றன. அந்தக் குகையில் இருந்துகொண்டுதான் பாட்டு. ‘வீடு தயார், வந்து முட்டையிடலாம்’ என்று பெண்மீன்களுக்கு அழைப்பு. வேறு ஆண் வீட்டருகே வந்தால் பாட்டு மாறிவிடும். குட்டை குட்டையான உறுமலாக விரட்டும்.

அழைப்பு உண்மையிலேயே பெண்மீனைக் கூட்டி வருகிறதா? சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் ஒலிபெருக்கியை இறக்கி இந்த ‘ம்ம்ம்’ ஓசையை மட்டும் போட்டார்கள். முட்டையோடு இருந்த பெண்மீன் நேராக ஒலிபெருக்கியிடம் நீந்திப் போய்ச் சேர்ந்தது. குகையும் இல்லை, மீனும் இல்லை. சுருதி ஒன்றே போதுமாக இருந்தது.

இங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது. தண்ணீரில் ஓசை வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். அதை 100 அதிர்வால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 15 மீட்டர். குகை இருக்கும் இடத்தில் தண்ணீரோ ஓர் ஆள் ஆழம் இருந்தாலே அதிகம். வாய்க்காலில் கப்பல் விட முடியுமா? அவ்வளவு நீளமான அலை ஆழமில்லாத தண்ணீரில் தூரம் போக முடியாமல் சீக்கிரம் அடங்கிவிடும். அப்படியானால் தொலைவில் வருகிற பெண்மீனுக்கு எப்படிக் கேட்கும்?

வீட்டில் யாராவது தம்புரா மீட்டினால் கூர்ந்து கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தந்தியைத்தான் மீட்டுகிறார்கள், ஆனால் அதற்குள்ளே மேல் ஸ்வரங்களும் மெல்லியதாகக் கேட்கும். மந்தர ஸட்ஜத் தந்தியில் காந்தாரம் தானாகவே பிறக்கிறது என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். அது கற்பனை இல்லை. எந்தத் தந்தி வாத்திய ஓசைக்குள்ளும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் ஒளிந்திருக்கின்றன. மீனின் 100 ஹெர்ட்ஸ் பாட்டுக்குள்ளும் 200, 300, 400 என்று துணை ஓசைகள் உண்டு. அவற்றின் அலை குட்டையானது. ஆழமில்லாத தண்ணீரில் அவை அதிகத் தூரம் போகும்.

குளிர்காலத்துப் பெண்மீனின் காதுக்கு அந்த மேல் ஓசைகள் சரியாக எட்டாது. கோடை நெருங்கி வயிற்றில் முட்டை வளர ஆரம்பித்ததும் அதன் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்கள் காதையே மாற்றிவிடுகின்றன. எட்டாத துணை ஓசைகள் எட்ட ஆரம்பிக்கின்றன. ஜோசஃப் சிஸ்னரோஸ், ஆண்ட்ரூ பாஸ் என்ற ஆய்வாளர்கள் கூட்டாளிகளுடன் சேர்ந்து 2004இல் இதை வெளியிட்டார்கள். குளிர்காலப் பெண்மீன்களுக்கு அந்த ஹார்மோன்களை அவர்கள் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் காதும் கோடைக் காதாக மாறிவிட்டது. பாட்டுக்குப் பருவம் இருப்பது தெரியும், கேட்கிற காதுக்கும் பருவம் இருக்கிறது! இந்த மீனைப் பற்றிப் படித்ததில் என்னை மிகவும் அசரவைத்தது இதுதான்.

பாடுகிற ஆணின் காது என்ன ஆகும்? தன் வயிற்றுக்குள்ளேயே மணிக்கணக்கில் இரைச்சல். காது பாழாகிவிடாதா? அதன் மூளை தசைக்கு ‘சுருங்கு’ என்று கட்டளை அனுப்பும்போதே, காதுக்கும் அதே கணத்தில் ஒரு சேதி அனுப்பி அதன் கூர்மையைக் குறைத்துவிடுகிறது. தவில் வாசிக்கிறவர் அடிக்கும்போது மட்டும் காதில் பஞ்சு வைத்து, அடி நின்றதும் எடுத்துவிடுவதுபோல.

ஏன் ராத்திரியில் மட்டும் பாட்டு? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாஸும் நி ஃபெங் என்ற ஆய்வாளரும் இதற்குப் பதில் தேடினார்கள். மீன்களை எப்போதும் இருட்டிலேயே வைத்தபோதும் அவை தம் உள்கடிகாரப்படி, தமக்கு ராத்திரி என்று தோன்றிய நேரத்தில் பாடின. எப்போதும் வெளிச்சத்தில் வைத்தபோது பாட்டு அநேகமாக நின்றே போயிற்று. பிறகு மெலடோனின் என்ற ஹார்மோன்போல வேலை செய்யும் மருந்தைக் கொடுத்தார்கள். வெளிச்சத்திலேயே பாட ஆரம்பித்துவிட்டன. 2016இல் இந்த முடிவு வெளிவந்தது. மெலடோனின் உங்கள் மூளையிலும் இருக்கிறது. இருட்டியதும் சுரந்து உங்களைத் தூங்கப் பண்ணுகிறது. நம்மைத் தூங்கச் சொல்கிற அதே ஹார்மோன்தான் இந்த மீனை எழுந்து பாடச் சொல்கிறது. சாசலிட்டோவில் படகுக்கு மேலே இருந்தவர்களுக்கு அது தூக்கத்தையும், படகுக்கு அடியில் இருந்தவருக்குப் பாட்டையும் ஒரே நேரத்தில் கொடுத்திருக்கிறது.

எல்லா ஆண்களும் பாடுகிறவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருவத்தில் சின்னதாக, பார்க்கப் பெண்மீன்போலவே இருக்கும் இன்னொரு வகை ஆண் உண்டு. அது குகை தோண்டாது, பாடாது, காவலும் இருக்காது. அடுத்தவர் குகையில் நைசாக நுழைந்து, தன் பங்குக்குச் சில முட்டைகளுக்குத் தகப்பனாகிவிட்டு ஓடிவிடும்.

பெண்மீன் குகைக்குள் வந்து தலைகீழாகத் திரும்பி, பாறையின் கூரையில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டும். கொத்துமல்லி விதை அளவு, பொன்மஞ்சள் நிறம். ஒட்டி முடித்ததும் போய்விடும். பிறகு எல்லாம் அப்பா பொறுப்பு. மறுபடி பாடி இன்னொரு பெண்மீனை அழைக்கும். இப்படிப் பலர் இட்டதில் ஒரே கூரையில் ஆயிரம் முட்டைகூடச் சேர்ந்துவிடும்.

அந்தக் கரையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். நன்றாக வற்றுகிற நாளில் பாறைகள் வெளியே வந்துவிடும். கூரையில் முட்டை, தரையில் கொஞ்சம் ஈரம், நடுவில் அப்பா. மற்ற மீனாக இருந்தால் தண்ணீரோடு ஓடியிருக்கும். இது ஓடாது. ஈரத் தோலோடு காற்றை மூச்சாக வாங்கிக்கொண்டு, தண்ணீர் திரும்பும் வரை மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வெள்ளைத் தலைக் கழுகுகள் இதற்காகவே வற்றத்தில் கரைக்கு வருகின்றன. அப்படிப் பிடிபடுகிறவை நிறைய. பாறைக்கரையில் விளையாடப் போகிற அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள்: கல்லைத் தூக்கிப் பார்த்தால், எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே கீழே இருக்கும்படி மெதுவாகத் திரும்ப வை. புரட்டிப்போட்டால் கூரை தரையாகிவிடும். ஒட்டியிருக்கும் குடும்பம் முழுக்க வெயிலில் காயும்.

தண்ணீர் ஏறியதும் அப்பா துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் அனுப்பும், அழுக்கைத் தள்ளும். வீட்டை விட்டு இரை தேடப் போக முடியாததால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வரும். பசி தாங்காமல் சில நேரம் முட்டைகளில் சிலவற்றை அதுவே தின்றுவிடுவதும் உண்டு. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது செத்துப்போனால் மீதி முட்டைகளுக்கும் காவல் கிடையாது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளும் உடனே நீந்திப் போய்விடாது. வயிற்றில் மஞ்சள்கரு உருண்டை பாறையில் ஒட்டியபடி இருக்க, வாலை ஆட்டிக்கொண்டு கூரையிலிருந்து தொங்கும். வற்றம் வந்தாலும் தொங்கும், ஏற்றம் வந்தாலும் தொங்கும். மஞ்சள்கரு தீரத் தீரக் குஞ்சு மீனாகும். முட்டையிட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனபிறகு ஒவ்வொன்றாகப் பிடி விட்டு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மீன்களாக மணலுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். கூரை காலியானதும், எலும்பும் தோலுமாக இருக்கிற அப்பா குகையை விட்டு ஆழத்துக்குக் கிளம்பும். சாசலிட்டோவில் படகுவீடுகளின் தரை அடுத்த கோடை வரை அதிராது.